ருசி பார்த்தவர் கையொப்பம்

என் நாவில் ருசி இல்லை. நான்கு ஆண்டுகளாக இல்லை. நல்லூரில் மெஸ் நடத்துகிறவள் சொல்கிறேன், நம்புங்கள்! அதை மறைப்பதற்காக, என்னோடு சமைத்த செல்வியின் தலையில் என் தவறைத் தூக்கிப் போட்டேன்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

ஒரு காய்ச்சல் வந்தது. அது போனபோது வாசனையும் உப்பும் புளிப்பும் கூடவே போயின. இன்று வரும், நாளை வரும் என்று இருந்தேன்... வரவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. மெஸ்காரிக்கு நாக்கு வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் எந்த மகராசன் வந்து இலை முன்னால் உட்காருவான்? பனியன் கம்பெனி ஆட்களுக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணி. நாலு எட்டு வைத்தால் அடுத்த கடை. அந்தப் பயம்தான், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

கைப்பழக்கத்தில் காலம் தள்ளினேன். ஒரு நாள் புளிக்குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம். பக்கத்தில் கிளறிக்கொண்டிருந்த செல்வியைச் சுவைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மாட்டிக்கொள்வேனே! இன்னொரு கை அள்ளிப் போட்டேன்.

முதல் பந்தியே பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்தது.

"ஏன் அம்மிணி, உப்பை ரெண்டு தாட்டி கொட்டுனயா?" எல்லார் முன்பும் கேட்டேன்.

செல்வி தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. "நா போடலியேக்கா..." என்று இழுத்தாள்.

"உன்ற புத்தி இன்னும் ஊர்லயே கெடக்குது. போட்டதும் தெரியல, உன்ற நாக்குக்கு உப்புக் கரிச்சதும் தெரியல."

அவள் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைக் கழுவிவிட்டு, வேலையை விட்டே போய்விட்டாள். அம்மாவின் சாவை எடுத்து அவள் மேலேயே வீசினேனே! நானெல்லாம் என்ன மனுஷி?

அதன் பிறகும் குழம்பு நாளுக்கொரு விதமாகவே இருந்தது. கூட்டம் குறைந்தது. என் கணவர், கதிர்வேல் என்பவரை அழைத்து வந்தார். ஏற்றுமதி கம்பெனியில் துணியின் தரம் பார்க்கும் வேலையில் இருந்துவிட்டு, இப்போது சின்னத் தொழில்களுக்கு ஆலோசனை சொல்கிறவர். ஒரு வாரம் மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, லாட்டுக்கு லாட்டு சாயத்தோட ஷேடு மாறுனா வெளிநாட்டு பையர் துணி எடுப்பாருங்களா? உங்க குழம்பு தெனமும் ஒரு ஷேடுல இருக்குதுங்க."

தராசு வாங்க வைத்தார். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அளவு எழுதிச் சுவரில் அட்டை ஒட்டினார். உப்பைக் காலையிலேயே நிறுத்துச் சின்ன டப்பாக்களில் வைக்கச் சொன்னார். டப்பா காலியென்றால் உப்புப் போட்டாயிற்று... அவ்வளவுதான்! அந்த ஒரு டப்பா அன்றைக்கு இருந்திருந்தால்! 'என் கைப்பக்குவத்தை அளக்க நீ யார்?' என்று நான் சண்டைக்கு வருவேன் என்று பயந்திருக்கிறார். நானோ அவர் காலில் விழாத குறை.

"உங்களாட்டச் சொன்னதைக் கேக்கறவங்களை நான் பார்த்ததே இல்லீங்க்கா" என்று பூரித்துப் போனார்.

கம்பெனி வழக்கம் இன்னொன்றையும் கொண்டுவந்தார். சாம்பிளுக்கு அப்ரூவல் வாங்குவது போல, எதையும் அடுப்பிலிருந்து இறக்கும் முன் ஒருவர் சுவைத்துப் பார்த்துத் தாளில் கையெழுத்திட வேண்டும். 'ருசி பார்த்தவர் கையொப்பம்' என்று ஒரு கட்டம். தினமும் நானே போட்டேன்.

மெஸ் வளர்ந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஷிப்ட் மாறும் நேரத்தில் பார்சலுக்கு வாசல் தாண்டி வரிசை நின்றது! அவிநாசியில் இரண்டாவது கடைக்கு இடம் பார்த்தோம். இங்கே அடுப்படியை நம்பி ஒப்படைக்க ஓர் ஆள் வேண்டும் என்றார் கதிர்வேல். யோசிக்காமலே செல்வியின் பெயரைச் சொன்னேன்.

ஒரு பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். சத்தியமாக! நான் வாயைத் திறக்கும் முன் அவள் அழுதுவிட்டாள்.

"தப்பு எம்மேலதான்க்கா. அம்மா போன துக்கத்துல என்ன செஞ்சேன்னே தெரியல. ரெண்டு தடவ போட்டிருப்பேன்."

அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும்... நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வுடு கண்ணு, பழசையெல்லாம் எதுக்கு?"

என் தவறுக்கு அவளை மன்னித்துவிட்டு வந்தேன்!

ஒரு நிபந்தனையோடு வந்தாள். "நீங்க ருசி பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான்க்கா எறக்குவேன். எந்நாக்கு மேல எனக்கே நம்பிக்கையில்ல."

அந்த நம்பிக்கையைப் பறித்தவள் நான். திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பார்க்கிறேன். கரண்டியை முதலில் அவளிடமே நீட்டுவேன். "நீ சொல்லு மொதல்ல." பயந்து பயந்து சொல்வாள், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நானும் ஒரு சொட்டு நக்கிவிட்டு, "அதேதான் கண்ணு" என்பேன். எனக்கு அது வெந்நீர்.

இன்று காலை ரசத்தை உள்ளங்கையில் விட்டுப் பார்த்தவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "தக்காளி காயா இருந்திருக்குக்கா, புளிப்பு தூக்கலா இருக்கு. ஒரு சொம்பு தண்ணி விடுதேன்" என்றாள். விட்டாள். மதியம் வந்தவர்கள் ரசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்! சமையற்கட்டில் நின்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மீண்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

மாலைக்குக் குருமா கொதித்தது. தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

"எந்நாக்கு சரியாத்தானக்கா சொல்லுது... பொறவு அன்னைக்கி மட்டும் எப்பிடிக்கா உப்பு தெரியாமப் போச்சு?"

நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.