இருபத்தெட்டு இறாத்தல்

நான் தேங்காய்ப்பூத் திருடித் தின்றதால் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் மெலிந்துபோனார்கள் என்று எட்டு வயதில் ஒரு கிழமை முழுவதும் நம்பியிருந்தேன். அந்தக் கிழமை பட்ட பயத்தைப் பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றிலும் நான் பட்டதில்லை. சிரிக்கிறவர்கள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரிக்கலாம்.

மட்டக்களப்பு நகரத்துக்குள்ளேயே, வாவிக் கரையோரமாக இருந்தது எங்கள் தெரு. மீன்பிடிக்கிறவர்கள், ரெயில் ஸ்ரேசனில் மூட்டை தூக்குகிறவர்கள், பெரிய வீடுகளில் நெல் குற்றப் போகிற பெண்கள் என்று அன்றாடம் உழைத்து அன்றாடம் தின்கிறவர்கள் இருந்த தெரு. பெரிய பள்ளிக்கூடங்களின் மணிச்சத்தம் எங்களுக்குக் கேட்கும். ஆனால் சம்பளமும் சட்டையும் கேட்கிற இடத்துக்கு எங்களை யார் அனுப்புவது? அப்போதுதான் ரீச்சர் வந்தா. வாவிக் கரையில் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலைப் போட்டு, நாற்பது பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டா. சம்பளம், நாளுக்கு ஒரு விறகுக்கட்டை. அதுவும் இல்லாதவன் வழியில் காய்ந்த தென்னம்பாளையைப் பொறுக்கிக்கொண்டு வரலாம்.

காலையில் முதல் வேலை எழுத்தல்ல. நகம், காது, தலை. பேன் பார்த்து, சொறிக்கு மருந்து பூசி, கிணற்றடியில் முகம் கழுவ வைத்த பிறகுதான் அரிவரி. பிறகு கீரைப் பாத்திக்குத் தண்ணீர், பின்னேரம் பாட்டு, புதன்கிழமைகளில் வாவியில் நீச்சல். எழுதப் படிக்க அனுப்பினால் பேன் பார்க்கிறாவே என்று தெருவுக்குக் குறை. ஒருத்தி அதை நேரே வந்து கேட்டாள்.

"புள்ளைர கை மட்டுமா பள்ளிக்கூடத்துக்கு வருது? முழுப் புள்ளையும்தானே வருது" என்றா ரீச்சர், சீப்பை நிறுத்தாமலே.

ஆனால் முழுப் பிள்ளையும் மத்தியானத்தில் பசியில் சுருண்டு படுத்துவிடும். ரீச்சர் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலரிடம் போய்க் கேட்டா. அவர்கள் மூன்று மாதத்துக்கு அரிசியும் பயறும் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் சார்பில் வந்தவர் எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத ஒருவர். நாங்கள் அவரைக் கோட்டுக்காரர் என்போம். அவர் கணக்கான மனிதர். பிள்ளைகளை இப்போது நிறுப்பது, மூன்று மாதம் கழித்து நிறுப்பது. நிறை கூடியிருந்தால் அரிசி தொடரும், இல்லாவிட்டால் வேறு நல்ல காரியத்துக்குப் போகும் என்றார்.

முதல் தடவை ஸ்ரேசனில் நிறுத்தார்கள். பார்சல் நிறுக்கிற தராசில் ஒவ்வொருவராக ஏறி நின்றோம். நான் முப்பத்தெட்டு இறாத்தல். அன்று தொடக்கம் ஆளை ஆள் நிறையைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். நாற்பத்திரண்டு என்னை அடித்தான், முப்பத்தொன்று விழுந்துவிட்டாள் என்று முறைப்பாடு போகும்.

கஞ்சி காய்ச்சியது என் அம்மா. சிவப்பரிசி, பயறு, முருங்கை இலை, இறக்கும் நேரத்தில் தேங்காய்ப்பால். தேங்காய் துருவும்போது உதவி செய்வதுபோல் பக்கத்தில் குந்தி, அம்மா திரும்பும் நேரம் பார்த்து துருவி விழுந்த பூவில் ஒரு பிடியை வாய்க்குள் அடைத்துக்கொள்வேன். ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

மூன்று மாதம் முடியும்போது மாரி மழை. ஸ்ரேசன் வீதியில் இடுப்பளவு தண்ணீர். அந்த நேரத்தில் கை கொடுத்தவர் மாமா.

மாமா அம்மாவுக்கு ஒரே அண்ணன். வாவிக் கரையில் மீன் வாடி வைத்திருந்தார். தெரு ஆட்கள் பிடிக்கும் மீனும் இறாலும் அங்கேதான் போகும். நிறுத்து வாங்கி, ஐஸ் போட்டுப் பெட்டியடித்து ரெயிலில் அனுப்புவார். நாங்கள் இருந்த வீடு அவர் கட்டிக் கொடுத்தது. தான் கல்யாணம் முடிக்காமல் இருந்து, தங்கச்சிக்குச் சீதன வீடு கட்டி முடித்த பிறகே தனக்குப் பெண் பார்த்தவர். அவர் முற்றத்தில் கால் வைத்தால் அம்மா எழுந்து நின்றுவிடுவா. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவது வழக்கம். அப்பாவும் அப்படி வந்தவர். மைத்துனர் கட்டிய கூரையின் கீழ் படுத்து, மைத்துனரின் வாடிக்கே மீனையும் கொடுத்ததாலோ என்னவோ, அப்பா அதிகம் பேசமாட்டார்.

மாமா தன் வாடித் தராசை ஆள் வைத்துத் தூக்கிவந்து கொட்டில் கூரை வளையில் தானே கட்டித் தொங்கவிட்டார். இரண்டு பெரிய தட்டுகள். ஒன்றில் பிள்ளை, மற்றதில் இரும்புப் படிக்கற்கள். எங்களுக்கு அது ஊஞ்சல். முதல் ஆள் ஏறினான். நாற்பத்திரண்டு, முப்பத்தொன்பதாகிவிட்டான். ரீச்சர் கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டா. முப்பத்தொன்று இருபத்தொன்பதானாள். நான் முப்பத்தாறு. பத்துப் பிள்ளைகள் ஏறி இறங்கியதும் சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. நாற்பது பேரில் ஒருவருக்கேனும் கூடவில்லை.

கோட்டுக்காரர் கொப்பியை வாங்கிப் பார்த்தார்.

"மூண்டு மாசம் திண்ட புள்ளையள் மெலிஞ்சிருக்கு. அப்ப அரிசி எங்க போகுது?" என்றார். கேட்டது ரீச்சரை. பார்த்தது, அடுப்படி வாசலில் அகப்பையோடு நின்ற என் அம்மாவை.

ரீச்சர் என்னவெல்லாமோ சொன்னா. கடைசியில் அவர் ஒரு கிழமை தவணை கொடுத்தார். வருகிற வெள்ளிக்கிழமை இன்னொரு முறை நிறுப்பது. அப்போதும் குறைவாக இருந்தால் மிச்ச மூட்டைகளை அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவது. கஞ்சி இல்லாவிட்டால் பாதிப் பிள்ளைகள் அடுத்த நாளே நண்டு பிடிக்கவும் விறகு பொறுக்கவும் போய்விடுவார்கள் என்று ரீச்சருக்குத் தெரியும். அவ கதிரையில் இருந்து கொப்பியை விரித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தா.

தேங்காய்ப்பாலில்தான் சத்து என்று ரீச்சர் பாடத்தில் சொல்லியிருந்தா. அந்தச் சத்தை மூன்று மாதமாக நான் அல்லவா பிடி பிடியாகத் தின்றேன்? அப்படியானால் நான் மட்டும் ஏன் மெலிந்தேன் என்ற கேள்விக்கும் பதில் வைத்திருந்தேன். களவெடுத்துத் தின்றது உடம்பில் ஒட்டாது.

தெரு சும்மா இருக்கவில்லை. அம்மா தண்ணீர் அள்ளப் போனால் கிணற்றடியில் பேச்சு நிற்கும். ஆக்கின கைக்கு ஒட்டாமலா போகும் என்று ஒருத்தி எனக்குக் கேட்கவே சொன்னாள். அம்மா மற்ற நாள்களைவிடக் கவனமாக, எல்லாருக்கும் தெரியும்படி கொட்டில் நடுவில் வைத்து அரிசியை அளந்து போட்டா. தான் ஒரு வாய் கஞ்சியும் குடிக்கவில்லை. நான் தேங்காய்ப் பக்கமே போகவில்லை.

செவ்வாய்க்கிழமை என்னால் தாங்க முடியவில்லை. முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய்ப்பூவைப் பற்றி அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"உனக்கு எத்தினை காட்டின?"

"முப்பத்தாறு."

"எல்லாருக்கும் குறைஞ்சதா? ஒரு ஆளுக்கும் கூடல்லையா?"

"ஓம், எல்லாருக்கும்."

அப்பா வலையைக் கீழே வைத்தார். என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வா என்றார்.

தண்ணீர் வடிந்திருந்தது. ஸ்ரேசனில் பார்சல்கார ஐயா என்னைத் தராசில் ஏற்றிவிட்டு, புள்ளையக் கொழும்புக்கு அனுப்பப் போறியா என்று அப்பாவிடம் பகிடி விட்டார். நாற்பது இறாத்தல். திரும்பவும் நிறுக்கச் சொன்னார் அப்பா. திரும்பவும் நாற்பது. மூன்றாம் தரமும் கேட்டபோது பார்சல்கார ஐயாவின் சிரிப்புப் போய்விட்டது.

நான் துள்ளினேன். குற்றத்தை ஒத்துக்கொண்டதால் பிள்ளையார் நாலு இறாத்தலைத் திருப்பித் தந்துவிட்டார்! ஆனால் அப்பா சந்தோசப்படவில்லை. வாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். வீடு வரும்வரை என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தார்.

அன்று பின்னேரம் குசினிக்குள் அப்பாவும் அம்மாவும் தணிந்த குரலில் பேசியது எனக்குக் கேட்டது.

"கல்லுலதான் பிழை. நான் போய்ச் சொல்றன்" என்றார் அப்பா.

"நீங்க சொன்னா மச்சான்மார் சண்டை எண்டு போயிரும்" என்றா அம்மா. "அவர் கட்டித் தந்த வீட்டுக்குள்ள இருந்துதான் நாம கதைக்கிறம்."

"உன்னக் கள்ளி எண்டு சொல்றாங்க."

அம்மா அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தா. "அண்ணனே சொல்லுவார். சொல்லாம விடமாட்டார்" என்றா பிறகு. அரிசியில் கல் கிடந்ததைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கோட்டுக்காரர் இரண்டு கூலியாட்களோடு வந்தார். மூட்டைகளைத் தூக்கத்தான் அவர்கள். கொட்டில் வாசலில் தெருவே நின்றது. கடலுக்கும் வாவிக்கும் போகாமல் ஆம்பிளைகளும் நின்றார்கள். தராசு தொங்கிக்கொண்டிருந்தது. முதல் பிள்ளையை ரீச்சர் கூப்பிடுமுன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாமா முன்னுக்கு வந்தார்.

"திரும்ப நிறுக்கத் தேவையில்ல ஐயா. தங்கச்சி தெரியாமச் செஞ்சிருப்பா. குறைஞ்ச அரிசிய நான் தாறன். இதோட விட்டுருங்க."

எவ்வளவு பெரிய மனம் என்று வாசலில் முணுமுணுத்தார்கள். எனக்கும் மாமாவைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. அண்ணன் முன்னால் அவ வாய் திறந்து நான் கண்டதில்லை.

"அண்ணன், நான் எடுத்தன் எண்டு நீங்க நம்புறீங்களா?"

"அதுக்கில்ல தங்கச்சி…"

"தராசுல ஏதும் பிழை இருக்கும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

மாமா வாசலைப் பார்த்தார். அங்கே நின்றவர்கள் எல்லாரும் அவருக்கு மீன் கொடுக்கிறவர்கள்.

"பதினஞ்சு வருசமா நிறுக்கிற தராசு. அதுல ஒரு பிழையும் இல்ல" என்றார்.

அம்மா குனிந்து படிக்கற்களில் பெரியதைத் தூக்கினா. இருபத்தெட்டு என்று இரும்பிலேயே புடைத்த எழுத்து இருந்தது. அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஐயா, ஸ்ரேசன் வரைக்கும் ஒருக்கா வாங்க" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினா.

கோட்டுக்காரர் பின்னால் போனார். ரீச்சர் எங்களை இரண்டிரண்டாக நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனா. தெருவும் வந்தது. அப்பா கல்லை வாங்கக் கை நீட்டினார். அம்மா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டா. நான் ஓடிப்போய் அவவின் சேலையைப் பிடித்தேன். அவவின் கன்னம் நனைந்திருந்தது.

"பாரமாம்மா?"

"இல்ல மகள். இருபத்தெட்டுத்தானே."

ஸ்ரேசனில் பார்சல்கார ஐயா கல்லைத் தராசில் வைத்தார். முப்பத்தொன்று. கோட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தானே குனிந்து பார்த்தார். முப்பத்தொன்றுதான். பிறகு எங்களை ஒவ்வொருவராக ஏற்றினார்கள். நாற்பத்திரண்டு நாற்பத்துமூன்றாகிவிட்டான். முப்பத்தொன்று முப்பத்திரண்டாகிவிட்டாள். நான் நாற்பது. ஒவ்வொரு நிறைக்கும் நாங்கள் கை தட்டினோம். கோட்டுக்காரர் அம்மாவின் முன்னால் வந்து நின்று, தான் சொன்னது பிழை, மன்னிக்க வேண்டும் என்றார். கஞ்சி நிற்காது என்றும் சொன்னார். ரீச்சர் கொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதா.

கை தட்டாமல் நின்றவர்கள் எங்கள் தெரு ஆம்பிளைகள். மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அந்தக் கல்லைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் குனிந்து அதைத் தூக்கிப் பார்த்து அடுத்தவரிடம் கொடுத்தார்; அவர் அப்பாவிடம் கொடுத்தார். பிள்ளைகள் கொழுத்ததற்கு இவர்கள் ஏன் இப்படி முகத்தை வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மாமா ஸ்ரேசனுக்கு வரவில்லை என்பதை வீட்டுக்குப் போன பிறகுதான் கவனித்தேன்.

அந்தக் கொட்டில் பிறகு ஓட்டுக் கட்டடமாகி, ரீச்சர் கிழவியாகும்வரை நடந்தது. அதில் படித்த ஒரு பிள்ளை பின்னாளில் அங்கேயே பேன் பார்த்து அரிவரி சொல்லிக்கொடுத்தது. அது நான்தான்.

மாமா மட்டும் அதன் பிறகு எங்கள் முற்றம் மிதிக்கவில்லை. சித்திரை வருசப் பிறப்புக்கு எங்களுக்கு முதல் கைவிசேஷக் காசு அவர் கையால்தான். அந்த வருசமும் அம்மா விடியவே முற்றம் மெழுகி, புதுப்பாய் விரித்து, பலகாரத் தட்டை மூடிவைத்துக்கொண்டு காத்திருந்தா. நல்ல நேரம் தொடங்கி முடிந்தும் போனது. அப்பா இரண்டு தரம் படலையடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மத்தியானம் அம்மா பாயைத் தானே சுருட்டினா.

எனக்குத் தாங்கவில்லை. அவவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, எல்லாம் என்னால் வந்தது என்று சொல்லி, தேங்காய்ப்பூக் கதை முழுவதையும் சொன்னேன்.

"அதுக்குத்தான் மாமா கோவமா?" என்று கேட்டேன்.

அம்மா சிரித்தா. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, அதன் பிறகும் கண்ணீர் நிற்கவில்லை. என் தலையைத் தடவிவிட்டா.

"ஓம் மகள். அதுக்குத்தான்."

அன்றிலிருந்து நான் தேங்காய்ப்பூவைத் தொடவில்லை. அடுத்த வருசப் பிறப்பன்று, அம்மா எழும்ப முதலே எழும்பி, மாமாவுக்குப் பாயை நானே விரித்து வைத்தேன்.