நம்ம ஆளு

மலாயாவின் அவசரகாலத்தில், கோலா கிளாவாங் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, பால்வெட்டுக்குப் போகிறவர்களின் தூக்குச்சட்டிகளைக் கேட்டில் சோதிக்க வேண்டும். காவலுக்கு நின்றவர் எங்கள் லயத்துக்காரர். வெளியாள் வந்தால் மூட்டையைக் கொட்டச் சொல்வார். எங்களைக் கண்டால், "நம்ம ஆளு, போங்க லா" என்று கையசைத்துவிடுவார்.

அம்மா மட்டும் நகரமாட்டாள். "நம்ம ஆளுன்னா கண்ண மூடிக்குவியா தம்பி? தொறந்து பாரு!" என்று சட்டியை அவர் மூக்குக்கு நேரே நீட்டுவாள். உள்ளே வெறும் வரக்கோப்பிதான் இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். பள்ளி விடுமுறையில் அவளோடு போகும் எனக்கு மானம் போகும்.

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வந்த முதல் வருடம், கிருமியை விரட்டும் வெள்ளை அணுக்கள் கட்டியை மட்டும் ஏன் விட்டுவிடுகின்றன என்று பேராசிரியர் கேட்டார். "நம்ம ஆளு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். கட்டியும் நம் உடம்பில் பிறந்த அணுதானே! விளக்கிச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். உடம்பை உடம்பே தாக்காது, வேறு வேலை பார் என்றார்கள். நான் நகரவில்லை.

சோதித்துப் பார் என்று தினமும் அடம்பிடித்தவளின் மார்பில் வந்த கட்டியை, அவள் உடம்பே சோதிக்காமல் விட்டது. கருமாதி முடிந்த மறுநாள் ஆய்வகத்துக்குப் போனேன். காவல் அணுக்களிடம் இன்றுவரை ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: தொறந்து பாரு.