முதல் இடத்துக்கு நடந்த சண்டை

இணையத்தில் தேடினால் உங்கள் கடை முதலில் வரும் என்று சொல்லிப் பிழைக்கும் தொழில் எனக்கு. எது முதலில் வரும் என்று எனக்கும் தெரியாது என்பதுதான் தொழில் ரகசியம். தன் கையில் இல்லாத விஷயத்துக்கு உத்தரவாதம் கொடுத்துச் சம்பளம் வாங்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் ஈக்காட்டுத்தாங்கலில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடி. என் பொறுப்பில் இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் தி.நகர் பட்டுக்கடை அண்ணாச்சி. "அண்ணாச்சி போனா, பின்னாடியே நீயும் கிளம்பிடு" என்று மேலாளர் சுமதி மேடம் முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது.

மேலிடத்தில் யார்?

முதல் சந்திப்பில் அண்ணாச்சிக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். தேடுபொறி ஒரு மெஷின், அது ஆள் பார்க்காது, தானே வரிசைப்படுத்தும் என்றேன். காபி வந்தது, குடித்தேன், மறுபடியும் விளக்கினேன். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து நாற்பது வருஷமாகக் கடை நடத்துபவர், என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, எழுந்து கதவைச் சாத்தினார்.

"அதெல்லாம் சரி தம்பி, வரிசை போடுத ஆளு யாருன்னு மட்டும் சொல்லுங்க, தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்துருவோம்."

கடைசிப் பக்கம்

சாந்தோம் பிளம்பர் ஏழுமலையை முதலிடத்துக்குக் கொண்டுவந்தது நான் செய்த ஒரே உருப்படியான வேலை. பாராட்டு வாங்கிக்கொள்ள நேரிலேயே போனேன். மாலை வேண்டாம், ஒரு டீயாவது? ம்ஹூம். அம்பத்தூர், தாம்பரம் என்று ஊர் முழுக்க அவரைக் கூப்பிடுகிறதாம்; சாப்பிட உட்கார விடவில்லையாம். பக்கத்துத் தெருக்காரர்களோ லைன் கிடைக்காமல் வேறு ஆளுக்குப் போய்விட்டார்களாம்.

"இன்னா சார் நீ, நல்லாத்தானே இருந்தேன், என்னிய கடைசிப் பக்கத்துல தூக்கிப் போடு, நிம்மதியா பொழச்சிக்கினு போறேன்!"

இல்லாத பார்க்கிங்

இதற்குள் புதுசாக ஒரு தேடுபொறி கிளம்பிவிட்டது. பழையது பட்டியல் காட்டும். இது கேட்டதற்குத் தானே வாய் திறந்து பதில் சொல்லும். அதன் சார்பில் டை கட்டிய ஒருவர் வந்து, "இனிமே பட்டியலை யார் சார் பாக்குறாங்க?" என்று அண்ணாச்சியைப் பயமுறுத்திவிட்டுப் போனார். என்னையும்தான்.

அண்ணாச்சி கல்லா மேசையில் இரண்டு போனை வைத்துப் பரீட்சை நடத்தினார். இரண்டுக்கும் ஒரே கேள்வி: தி.நகரில் நல்ல பட்டுக்கடை எது? நான் கட்டிக்காத்த பழையது, என் மானத்தை வாங்கவென்றே, எதிர்த்த கடையை முதலில் காட்டியது. புதியதோ அண்ணாச்சி கடையைப் புகழ்ந்து தள்ளியது: ஐந்து மாடி, விசாலமான கார் பார்க்கிங், வருகிறவர்களுக்கு இலவச மோர். நிஜத்தில் இரண்டே மாடி. சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை. தண்ணீர் கேட்டாலே முறைப்பார்கள். "பொய் சொல்லுது அண்ணாச்சி!" என்று பதறினேன். அவருக்கோ பரம சந்தோஷம்.

"இல்லாத பார்க்கிங்கை இருக்குன்னு சொல்லுது பாருங்க, இதுல்லா யாவாரம் தெரிஞ்ச மெஷினு!"

போணி

அதோடு விட்டாரா? பழைய தேடுபொறியில் நாங்கள் போடும் விளம்பரம் காலை பத்தரைக்கே மறைந்துவிடுகிறது என்று புகார். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் புதியதுக்கே மாற்றிவிடுவாராம். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வேலை போனால் மாமனாரிடம் என்ன சொல்வது?

வியாழன் காலை கடை திறக்கும்போதே போய் உட்கார்ந்தேன். சாம்பிராணி காட்டி முடித்ததும் விற்பனைப் பெண்கள் முப்பது பேரும் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு முறை போனில் கடையைத் தேடி, விளம்பரத்தைத் தட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தார்கள். கேட்டால், போணியாம்! அண்ணாச்சி உத்தரவாம்! அடக் கடவுளே! ஒவ்வொரு தட்டுக்கும் காசு போகும், நீங்கள் ஒதுக்கியதே கொஞ்சம், அது தீர்ந்தால் விளம்பரம் மறைந்துவிடும், வாடிக்கையாளர் பார்ப்பதற்குள் நீங்களே தீர்த்துவிடுகிறீர்கள் என்று கத்தாத குறையாகச் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால், முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியா சங்கதி? நாளையிலேருந்து பிள்ளைகளை எதிர்த்த கடைக்குப் போணி பண்ணச் சொல்லுதேன்!"

புது வாடிக்கையாளர்

வேண்டாம் அண்ணாச்சி, அது தப்பு என்று தலைகீழாக நின்று பார்த்தேன். அவர் எங்கள் ஒப்பந்தத்தை இன்னொரு வருஷத்துக்கு நீட்டி, கையெழுத்துப் போட்டு, என் வாயை அடைத்துவிட்டார். வேலை தப்பியது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் தப்பியது. அந்த நிம்மதியும் நாலே நாள். திங்கட்கிழமை சுமதி மேடம் கூப்பிட்டு, பெரிய இடம் ஒன்று நம்மைத் தேடி வந்திருக்கிறது என்றார். யாரென்று பார்த்தால், அதே எதிர்த்த கடை. நாலு நாளாக அவர்கள் விளம்பரம் பத்தரைக்கே காணாமல் போகிறதாம். மேடத்தின் முகத்தையே பார்த்தேன்.

"ஏன் முழிக்கிற? காரணம் கண்டுபிடிக்கிறதுல நீதான் கெட்டிக்காரனாச்சே, இதையும் நீயே பாத்துக்கோ."

தேடுபொறிகள் ஒன்றையொன்று கவிழ்க்கப் பார்க்கின்றன என்று பேப்பரில் பெரிதாக எழுதுகிறார்கள். அண்ணாச்சி கடை இருக்கும் உஸ்மான் ரோட்டில் ஒரு வாரம் வேலைக்கு வைத்தால் இரண்டுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விடும்.