மகளின் படத்தில் நான் அழித்த இரவு

இரண்டாயிரத்து ஐந்து என்று நினைவு. திருவனந்தபுரம் ஆரியசாலையில் குடியிருந்தோம். மனைவி மஸ்கட்டில் நர்ஸ். வீட்டில் நானும், பட்டப்படிப்பு முடித்திருந்த மகளும் மட்டும். தோழிகளிடம் போனில் மலையாளத்தில் கலகலவென்று பேசுவாள். என்னிடம் சாப்பிடும்போது நாலு வார்த்தை. மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் படம்.

ஒருநாள் அவளாகவே கூப்பிட்டுக் காட்டினாள். திமிங்கிலத்தின் முதுகில் ஒரு நகரம். கோடுகள் ஓர் அடுக்கு, நிறம் இன்னொன்று, நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் தனித்தனி.

"கண்ணாடித்தாளை ஒண்ணுமேல ஒண்ணு வெச்ச மாதிரிப்பா. எதை வேணும்னாலும் தனியா மாத்தலாம்."

"இத்தனை தாள்ல பேங்க் பரீட்சையே எழுதியிருக்கலாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஓர் அனிமேஷன் நிறுவனம் வேலைக்கான தேர்வாக அந்தப் படத்தைக் கேட்டிருந்தது. அடுக்குகளோடு சி.டி.யில் பதிந்து, மதியம் மூன்று மணிக்குள் தர வேண்டும். தர வேண்டிய அன்று காலை அவள் சி.டி. வாங்கத் தம்பானூர் போயிருந்தாள். அவள் படத்தைத் திறந்தபடி விட்டுப்போன கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று எச்சரிக்கை வந்தது. அலுவலகத்தில் பழைய ஃபைல்களைக் கழித்துப் பழகியவன் நான். அடுக்குப் பட்டியலில் பாதிக்குமேல், திரையில் தெரிகிறது என்பதற்கான கண் அடையாளம் இல்லை. வேண்டாதவற்றைத்தான் மறைத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து, ஒவ்வொன்றாகக் குப்பைக்கூடைக்கு இழுத்துவிட்டு, சேமித்து மூடினேன். வந்ததும் சந்தோஷப்படுவாள் என்றுகூட நினைத்தேன்.

வந்து திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ராத்திரி எங்கப்பா?"

எனக்குப் புரியவில்லை. ஒரே நகரத்தைப் பகலிலும் இரவிலும் காட்டுவதுதான் தேர்வாம். இருண்ட வானம், ஜன்னல் வெளிச்சங்கள், நிலா பட்ட அலைகள் என்று இரண்டு மாத உழைப்பு முழுவதும் மறைத்து வைத்த அந்த அடுக்குகளில் இருந்திருக்கிறது. வேறு பிரதி இல்லை.

"திட்டும்மா" என்றேன்.

"போட்டே, அப்பா" என்றாள், போகட்டும் என்று மலையாளத்தில். திரும்பிப் பார்க்காமல் மவுஸை எடுத்தாள். இருந்த மூன்று மணி நேரத்தில் வானத்தை மட்டும் இருட்டாக்க முடிந்தது. வேலை கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் ஐதராபாத்தில் வேறு வேலை கிடைத்துப் போனாள். முடித்த படங்களை இப்போதும் அனுப்புகிறாள். பாதியில் இருக்கும் எதையும் எனக்குக் காட்டியதில்லை. தனியாக உட்கார்ந்து அவள் அனுப்பியவற்றைப் பார்க்கும்போதெல்லாம், அவள் தம்பானூரிலிருந்து வரும் அரைமணி நேரம் காத்திருந்து, "இதெல்லாம் என்னம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று இன்றும் தோன்றுகிறது.