ஜெபக் குறிப்பில் ஒரு சஸ்பெண்ட்

இங்கே ஜெர்மனியில் மதியம் ஆனால் போதும், ஆபீஸ் காரிடாரில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் ‘மால்ட்சைட்’ என்கிறார்கள். சாப்பாட்டு வேளை என்று அர்த்தம். நான் செம்பாக்கத்துக்காரி. சாப்பிட்டாயா என்று கேட்கிறார்களாக்கும் என்று நினைத்து, ‘இன்னும் இல்லை, நேற்று வைத்த புளிக்குழம்பு இருக்கிறது’ என்று நின்று பதில் சொல்வேன். அவர்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். அது வெறும் வணக்கமாம். முதலில் எரிச்சலாக இருந்தது. நம் ஊரில் கேட்கிற கேள்விகளை நினைத்தால் இதுவே தேவலை.

காட்டாங்குளத்தூரில் படித்துவிட்டு வந்து நான் இங்கே செய்வது யுஎஸ்பி சிப்புக்கு நிரல் எழுதும் வேலை. கம்ப்யூட்டரில் செருகுகிற பென் டிரைவ், பிரிண்டர் மாதிரி சாமான்களுக்குள் இருக்குமே, அந்தச் சிப். தகவலும் கரண்டும் ஒரே வயரில் வரும். கம்ப்யூட்டர் கேட்டால்தான் சிப் வாயைத் திறக்கலாம். கம்ப்யூட்டர் பேச்சை நிறுத்திவிட்டால், இழுக்கிற கரண்டை அநேகமாக ஒன்றுமில்லாமல் குறைத்துக்கொண்டு தூங்க வேண்டும். அந்தத் தூக்கத்துக்குப் பெயர் சஸ்பெண்ட். எங்கள் சிப் தகவலை ஜோராக அனுப்பியது, தூங்க மட்டும் மாட்டேன் என்றது. லேப்டாப் பேட்டரியை உறிஞ்சித் தீர்த்தது.

அந்தக் கடுப்பில் அம்மாவுக்குப் போன் போட்டேன். “ஏண்டி குரல் டல்லா இருக்கு?” என்றாள். “சஸ்பெண்ட்தாம்மா பிரச்சனை. மேனேஜர் என்னைப் போட்டுக் காய்ச்சுறார்” என்றேன். காலிங் கார்டு தீர்ந்து லைன் அறுந்தது.

அம்மா ரிட்டையர்டு டீச்சர். சஸ்பெண்ட் என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். திருப்பிக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் சர்ச் பெண்கள் ஐக்கியத்தில், மூத்த மகளை வேலையிலிருந்து சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டே ஜெபக் குறிப்பாகக் கொடுத்துவிட்டாள். கண்ணை மூடி ஜெபித்த அக்காமார் ஆமென் சொன்ன கையோடு போனை எடுத்திருக்கிறார்கள். என் தங்கை ஜெனிக்குக் கீழ்க்கட்டளையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த சமயம். மாப்பிள்ளையின் அம்மா உடனே போனில் கேட்டாளாம்: “டீச்சர், பொண்ணு தனியா இருக்கற ஊரு. சும்மாவா சஸ்பெண்ட் பண்ணுவாங்க? ஏதாச்சும் பழக்கவழக்கம்…?” சீ! என்ன ஜென்மங்கள். வாயில் வேதம், வயிற்றில் சாக்கடை.

அம்மாவுக்குச் சிப், கரண்ட், தூக்கம் எல்லாவற்றையும் விளக்கினேன். “ஐயோ, நானே உன் பேரைக் கெடுத்துட்டேனே” என்று ஓவென்று அழுதாள். கீழ்க்கட்டளை அம்மாளுக்கும் நானே போன் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லா சமாளிக்கிறம்மா, கெட்டிக்காரி” என்றாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. ஜெனிக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருக்கிறது. இல்லையென்றால் நறுக்கென்று நாலு கேட்டிருப்பேன்.

கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் நிச்சயதார்த்தம். லீவு வாங்கி டிக்கெட்டும் எடுத்திருந்தேன். போன வாரம் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “இந்தத் தடவை வராதடி. இப்ப வந்து நின்னா, வேலை போய்த்தான் வந்திருக்கான்னு முத்திரை குத்திடுவாங்க. ஜெனி கல்யாணம் நின்னுடும்.” பின்னாலிருந்து ஜெனி, “அக்கா, ப்ளீஸ்” என்றாள். அந்த ப்ளீஸைத்தான் தாங்க முடியவில்லை.

டிக்கெட்டை ரத்து செய்து, லீவையும் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்து மேசை ஸ்டெஃபான் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்து கை குலுக்கினான். “கிறிஸ்துமஸுக்கு எங்களோடு இருக்கிறாயா? இப்போதுதான் இது உன் வீடு!” என்றான். என்னத்தைச் சொல்வது, ‘டாங்கே’ என்று நன்றி சொல்லி வைத்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா கூப்பிட்டு, “நிச்சயத்துக்கு உனக்கு எடுத்த பட்டுப்புடவை இருக்கே, என்னடி பண்றது?” என்றாள். “கீழ்க்கட்டளை அம்மாளுக்கே கொடுத்துடு, கட்டிக்கிட்டு என் எடத்துல நிக்கட்டும்” என்றேன் எரிச்சலில்.

“நல்ல யோசனைடி” என்றாள் அம்மா. “அந்தக் கலர் அவங்களுக்கு எடுப்பா இருக்கும்.”