திறப்பு மட்டும் கடல் கடந்தது

"அக்காவை இனிப் பஸ்ஸில் ஏற்றாதே. இந்த வாகனத்தில் யாழ்ப்பாணத்துக்கு முக்கால் மணித்தியாலம்தான்." கனடாவிலிருந்து வந்த இச்செய்தி வைகாசியின் கடைசி வெள்ளிக்கிழமைக்கு உரியது. அதைத் தன் தொலைபேசியில் எனக்குக் காட்டுகிறார், குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கும் வேலணை ஆசிரியர் ஒருவர். இன்று ஆனி மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை, காலை 7.40.

அருகில் நிற்கிறது, அச்செய்தியை அனுப்பிய அவரது அண்ணனின் பணத்தில் வாங்கிய வாகனம்: நகரத் தெருக்களுக்கென்று செய்த, சிறிய, உயரமான, டேர்போ இயந்திரம் பூட்டிய கார். ஆசனங்களின் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை. கடலுக்கு அப்பால், படகில் மட்டுமே வரக்கூடிய நயினாதீவில் இருக்கும் அக்காவுக்கு இன்று வயிற்றுக் கட்டிக்குச் சத்திரசிகிச்சை. ஒன்பது மணிக்குள் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். தென்மேற்கிலிருந்து பலமாக வீசும் சோளகக் காற்றில் படகுகள் ஓடவில்லை.

"அக்கா வாகனத்தைப் பார்த்திட்டாவோ?" என்று கேட்கிறேன்.

"சாவியை, கார்த் திறப்பைத்தான் பார்த்தவ. அதை அங்கை கொண்டுபோய் அம்மன் காலடியில வைச்சுப் பூசை செய்தனான். இங்கை திரும்பி வந்துதான் சில்லுக்குத் தேசிக்காய் வைச்சனான்."

"மாஸ்டர், டேர்போதானே, ஒருக்காக் கடலுக்கை விட்டுப் பாருங்கோவன்!" என்கிறார் படகுக்காரர்.

ஆசிரியர் சிரிக்கவில்லை. "பஸ் காலத்தில அக்கா முதல் நாளே இக்கரைக்கு வந்து எங்களோட தங்குவா. கார் இருக்கு, விடிய வந்தால் காணும் எண்டு நான்தான் அவவை மறிச்சனான்."

இன்று தவறினால் ஆஸ்பத்திரிக் கட்டில் வேறொருவருக்குப் போகுமாம். 9.20க்கு என் பஸ் புறப்படுகிறது, படகு வரவில்லை. கட்டிலை அக்காவுக்காக வைத்திருந்தார்களா என்பதை நான் உறுதிசெய்யவில்லை.