மூன்றாவது கேள்வி

எழுபதுகளில், இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு துணிக்கடை மாடியில், ஊராரின் வருமானவரிப் படிவங்களை நிரப்பித் தரும் ஒருவரிடம் வேலை பார்த்தேன். அந்த நாள் படிவம் லேசுப்பட்டதல்ல. மனைவி இருந்தால் வரியில் ஒரு கழிவு, பிள்ளைக்கு ஒரு கழிவு, வயதான தாய்க்கு ஒரு கழிவு என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். எங்கள் முதலாளி அதைத் திட்டிக்கொண்டே அதில்தான் சோறு தின்றார். நானும்தான்.

நோர்வூட்டில் பேக்கரி நடத்திய ஒரு பெண் வருஷா வருஷம் வருவார். அப்பா இறந்தபின் கடையைத் தனியாளாகப் பார்த்தவர். நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு, எனக்கென்று கொண்டுவந்த, மீன் வைத்துச் சுட்ட மாலு பணிஸ் பொட்டலத்தை மேசையில் வைப்பார். பஸ்ஸில் வந்தும் சூடு முழுக்க ஆறியிருக்காது. நான் கேள்விகளை வாசிப்பேன், அவர் பதில் சொல்வார். மூன்றாவது கேள்வி, கல்யாணம் ஆகிவிட்டதா என்பது.

“இல்லீங்க. போன வருஷம் மாதிரியேதான்” என்று சிரிப்பார்.

அந்த ஒரு பதிலைக் கேட்கத்தான் வருஷம் முழுக்கக் காத்திருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஏங்கிப்போய்க் காத்திருந்தேன். அடுத்த தடவை அந்தக் கேள்வி வரும்போது, “அப்ப என்னையக் கட்டிக்கிறீங்களா?” என்று கேட்டுவிடுவதாகத் திட்டம். அவர் பேக்கரியில் போய்க் கேட்க முடியுமா? பாண் வாங்க நாலு பேர் நிற்பார்கள். ஒரு வருஷம் முதலாளி இருமித் தொலைத்தார். இன்னொரு வருஷம் பேனாவில் மை தீர்ந்தது. எனக்குச் சாக்குக்கா பஞ்சம்!

பிறகு வரிச் சட்டத்தைச் சுருக்கினார்கள். தனித்தனிக் கழிவெல்லாம் போய், எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. படிவமும் இளைத்துப்போனது.

“அரசாங்கத்துக்கு வருமானம் விழுந்துரும், பாரு” என்று முதலாளி குதித்தார்.

நான் பார்த்தது வேறு. படிவத்துக்குப் பயந்து ஒதுங்கியிருந்த சில்லறைக் கடைக்காரர்கள்கூடத் தாங்களே எழுதிக் கட்டத் தொடங்கினார்கள். அரசாங்கத்தின் வருமானம் கூடியதோ குறைந்ததோ, எங்கள் மாடிப்படியில் ஆள் குறைந்தது.

அந்த வருஷமும் அவர் வந்தார், படிவத்தைத் தானே நிரப்பிக்கொண்டு.

“சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

ஒரு பிழையாவது கிடைக்காதா என்று தேடினேன். இல்லை. திருப்பிக் கொடுத்த பிறகும் அவர் கிளம்பவில்லை.

“அந்தக் கேள்வி இதுல இல்லீங்களே?”

“எந்தக் கேள்வி?” என்றேன், தெரியாதவன் போல.

“மூணாவதாக் கேப்பீங்களே.”

தொண்டை வரை வந்தது. வாயில் வந்தது ஆபீஸ் பேச்சு.

“தேவையில்லாததெல்லாம் எடுத்துட்டாங்க.”

“அப்படீங்களா” என்றார். குடையை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார்.

அடுத்த வருஷம் அவர் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. இன்றைக்கும் ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், இல்லை என்கிறேன். போன வருஷம் மாதிரியேதான்.